பேரேட்டின் கோடுகளும் கலையின் உள்ளடக்கமும்

கோடிட்ட பழைய பேரேட்டுத் தாள்கள் அண்மைக் காலத்திற் கலைப்பொருள்களாக மதிக்கப்படுகின்றன. ஓவியர் அவற்றின்மேல் வரைகின்றனர்; புத்தகம் கட்டுவோர் அவற்றை அட்டையின் உட்புறத்தில் ஒட்டுகின்றனர். தாளின் தடிப்பும் மையின் மங்கலும் அழகென விதந்துரைக்கப்படுகின்றன. ஆயின், அக்கோடுகள் எதற்காக இடப்பட்டன என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. திறனாய்வு அவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது நமது கருத்தாகும்.

பேரேட்டின் நிரல்கள் வெறும் அலங்காரமல்ல. மனித உழைப்பைப் பற்றாகவும் வரவாகவும் மாற்றிக் காட்டும் கருவி அவை. மலையகத் தொழிலாளர் இதனை வாழ்க்கையில் அறிந்தவர்கள். செக்ரோலில் பெயர் விழுந்தாற்றான் அன்றைய சம்பளம் உறுதி. 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடன்தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சிறு தாள் அவர்கள் தோட்டம் மாறும் உரிமையையே கட்டிப்போட்டது.

இக்கருவியை ஒடுக்கப்பட்டோர் தம்வயப்படுத்தியதும் உண்டு. வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினர் எருமைத் தோலில் வரைந்து வந்தவர்கள். மந்தைகள் அழிக்கப்பட்டபோது, படையினரிடமும் வணிகரிடமும் பெற்ற கணக்குப் புத்தகங்களில் தம் போர்களையும் வேட்டைகளையும் தீட்டினர். 1875 முதல் 1878 வரை புளோரிடாவின் மரியன் கோட்டையிற் சிறையிருந்தோரும் அம்மரபைத் தொடர்ந்தனர். அவர்தம் ஓவியங்கள் அங்கு வந்த உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்பட்டன. நினைவைக் காத்த கலையே பண்டமாகவும் ஆயிற்று. இம்முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது.

நமது நாட்டில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது தா. சனாதனனின் ஆக்கமாகும். முற்றுப்பெறாத தோம்பு எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 2011இல் அது வெளிவந்தது. தோம்பு, போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு. அலுவலகக் கோப்பினை ஒத்த இந்நூலில், இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களும், கட்டடக் கலைஞரின் வரைபடங்களும், சனாதனனின் ஓவியங்களும் இணைக்கப்பட்டுள்ளன. ஆள்வோர் வரிக்காகத் தொகுத்த ஏட்டினை, இழந்தோர் தம் இழப்பின் சான்றாக்கியுள்ளனர். இங்குக் கட்டமைப்பும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று விளக்குகின்றன; இதுவே அதன் சாதனை.

எனினும் இவ்வடிவத்துக்கு ஓர் எல்லையுண்டு. தோம்பிற் பெயர் ஏறக் காணி வேண்டும். வீடும் வளவும் இருந்தோரின் இழப்பே அதனுள் எளிதில் அடங்கும். லயன் காம்பராவில் வாழ்ந்தோருக்குத் தோம்பு இல்லை, செக்ரோலே உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ச்சியான வதிவிடத்தை நிறுவக் கேட்டது. அந்நிலையில், உழைப்பைச் சுரண்டிய ஏட்டிற் கிடந்த பெயரே உரிமைக்கான சான்றாகவும் பெறுமதி பெற்றது.

ஆகவே, பழைய பேரேட்டுத் தாளைக் கிழித்து அழகுபடுத்துவது நடுநிலையான செயலன்று. அதில் எழுதப்பட்ட பெயர்களை வாசிக்கும் கலையும் உண்டு. அவற்றை வண்ணத்தால் மூடும் கலையும் உண்டு. முற்போக்குத் திறனாய்வு முன்னதன் பக்கமே நிற்கும். செக்ரோலின் நிரல்களுக்குள்ளிருந்து எழும் ஓவியமும் நூலுமே இனி நமக்கு வேண்டப்படுவன.