சமாரியனின் கையில் வாளா? ஒரு திறனாய்வு

பூந்தமல்லி, ஆவடி வட்டாரப் போதகர் சிலரும் இறையியல் மாணவர் சிலரும் நூம்பலில் ஒரு மாலை கூடி, கிறிஸ்தவ அறவியலில் போரைப் பற்றிய பகுதியை வாசித்துக்கொண்டிருந்தோம். பேச்சு சிரியாவின்பால் திரும்பிற்று. 2013 ஆகஸ்ட் 21ஆம் நாள், வேதாகமத்தின் வாயிலாகத் தமஸ்கு என நாம் அறிந்த நகரின் புறத்தேயுள்ள கூத்தாவில் சாரின் என்னும் நச்சு வாயு ஏவப்பட்டு, உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அக்கொடுமை செய்தோரைப் படைகொண்டு தண்டித்தல் தகுமா என்று உலகம் வாதிட்டது. ஆகஸ்ட் 29ஆம் நாள் பிரிட்டன் மக்களவை, படை நடவடிக்கைக்கு வழிகோலும் அரசுத் தீர்மானத்தை 285க்கு 272 என்ற வாக்குகளால் தள்ளியது. அப்போது மாணவர் ஒருவர் வினவினார்: "நல்ல சமாரியன் சற்று முன்னரே வந்து, கள்ளர் அடித்துக்கொண்டிருக்கையில் கண்டிருந்தால் என்ன செய்திருப்பான்?"

இவ்வினா புதியதன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மெதடிஸ்து அறவியலர் பால் ராம்சே எழுப்பியது இது. நீதியான போர் என்னும் பழங்கோட்பாட்டை அவர் தற்காப்புரிமையின்மேல் நிறுவாமல் பிறரன்பின்மேல் நிறுவினார். எனக்காக நான் வாளெடாதிருக்கலாம். அடிபடும் அயலானுக்காக எடாதிருத்தல் அன்பாகுமோ என்பது அவர் வாதத்தின் சாரம். போரிடாதோரைத் தாக்கலாகாது, விளையும் தீமை நன்மையை மிஞ்சலாகாது என்னும் இரு வரம்புகளையும் அவர் வற்புறுத்தினார். ஆதலின் அவரைப் போர்வெறியர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று.

இவ்வாதத்தின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்வோம். 1988 மார்ச் 16ஆம் நாள் ஈராக்கின் ஹலப்ஜா நகரில் குர்து மக்கள் ஏறத்தாழ ஐயாயிரவர் நச்சு வாயுவால் மாண்டபோது, ஈரானுக்கு எதிராக ஈராக்கை வேண்டியிருந்த வல்லரசுகள் அதனைத் தண்டிக்க முன்வரவில்லை. "போர் பாவம்" என்று மட்டும் உரைத்து அமைதல், அத்தகைய நாளில், ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்ற மறுபக்கத்தில் நாமும் நடப்பதேயாகும். எனினும் ராம்சேயின் வாதத்தில் மூன்று குறைகள் உள.

முதலாவது, உவமையின் பாதையில் கள்ளனுக்கும் காயம்பட்டவனுக்கும் இடையே சமாரியன் தன் உடலையே வைக்கலாம். ஏவுகணை எவருக்கும் இடையே நிற்பதில்லை. 2017 ஏப்ரல் 4ஆம் நாள் கான் ஷேக்கூனில் சாரின் வீசப்பட்டது. மூன்று நாளில் அமெரிக்கா ஷைராத் விமானத் தளத்தின்மேல் 59 ஏவுகணைகளை ஏவியது. ஓராண்டு கழித்து, 2018 ஏப்ரல் 7ஆம் நாள், தூமா நகர மக்கள் மீண்டும் நச்சு வாயுவால் மாண்டனர்; ஒரு வாரத்தில் மீண்டும் ஏவுகணைகள் பறந்தன. தண்டனை நிகழ்ந்தது, பாதுகாப்பு நிகழ்ந்ததா? மறுபுறம், 2013இல் உடன்படிக்கையின் வழியே சிரியா அறிவித்த ஏறத்தாழ 1,300 டன் இரசாயனப் பொருள்கள் அகற்றப்பட்டன. அதற்கும் படை மிரட்டல் துணைநின்றது என்பதையும், சிரியா அனைத்தையும் அறிவிக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பொதுமக்களுக்கு எதிரான நஞ்சை மிகுதியாகக் குறைத்தது ஆய்வாளரின் பணியேயன்றி ஏவுகணையன்று.

இரண்டாவது, சமாரியனுக்கு எரிகோ சாலையில் சொந்த நலன் ஏதுமில்லை. அரசுகளுக்கோ எப்போதும் உண்டு. இதற்குத் தமிழராகிய நாம் சிரியாவரை செல்ல வேண்டியதில்லை. 1987 ஜூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் முற்றுகையில் தவித்த யாழ்ப்பாணத்தின்மேல் உணவும் மருந்தும் வீசியபோது தமிழகம் மகிழ்ந்தது. சமாரியன் வந்துவிட்டான் என்றே எண்ணினோம். ஜூலை 29ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதி காக்கும் படை கடல் கடந்தது. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தில் போரிட்டது. அம்மாதம் 21ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து மருத்துவர், செவிலியர், நோயாளர் எனப் பலரைச் சுட்டுக் கொன்றது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது இந்திய வீரர் ஏறத்தாழ 1,200 பேரும், அவரினும் மிகுதியாகத் தமிழ் மக்களும் மாண்டிருந்தனர். காயம் கட்டச் சென்றவன் காயம் செய்தவனானான். சென்ற வீரர் யாவரும் கொடியர் என்பது நம் கருத்தன்று. புறப்படும்போது கொண்ட நல்லெண்ணம், சென்றடைந்த இடத்தில் அரசின் நலனோடு பிரிக்கவியலாதபடி கலந்துவிடுகிறது என்பதே கருத்து.

மூன்றாவது குறை நம்மை இன்னும் நெருக்கித் தொடுவது. உவமையில் கள்ளர் வேறு, சமாரியன் வேறு. வரலாற்றில் அவ்வாறு இல்லை. சிரியாவை 2017இலும் 2018இலும் தண்டித்த அமெரிக்கா தன் சொந்த இரசாயன ஆயுதங்களின் கடைசிப் பகுதியை அழித்து முடித்தது 2023 ஜூலையில்தான். நம் நாடோ 1997இல் தன்னிடம் 1,044 டன் கடுகு வாயு இருந்ததை அறிவித்து, 2009இல் அதனை அழித்து முடித்தது. இனத்தால் நம்மவர் என்று பலரும் போற்றிய விடுதலைப் புலிகள் 1990 ஜூனில் கிழக்கிலங்கையின் கிரான் இராணுவ முகாமுக்கு எதிராகக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினர். நம் பிரசங்க மேடைகளில் இதனைக் கூறினோமா? எதிரியின் நஞ்சைப் பாவமென்றும் நம்மவர் நஞ்சைப் போர்த்தந்திரமென்றும் கொள்ளும் நா, அயலானுக்காகப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறது.

அங்ஙனமாயின் படைவலிமை எக்காலத்தும் ஆகாது என்கிறோமா? இல்லை. கொலைசெய்வானைத் தடுக்கும் பொறுப்பு ஆள்வோர்க்கு உண்டு என்பதைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் வழிநின்று திருச்சபை ஏற்றே வந்துள்ளது. நாம் மறுப்பது ஒன்றே: அப்பொறுப்பைச் சமாரியன் உவமையின் ஒளியால் போர்த்துதல். படையெடுப்பை நீதியின் பேரால் வாதிடும்போது அகுவினாஸ் கேட்ட கேள்விகள் எழுகின்றன: அதிகாரம் உடையவர் யார், காரணம் நீதியானதா, நோக்கம் நேரியதா? விடை தவறாயின் தடுக்கலாம். அன்பின் பேரால் வாதிடும்போதோ, கேள்வி கேட்பவனே லேவியன் ஆகிவிடுகிறான். ஆதலின் அன்பின் மொழி படைக்குத் தரப்படலாகாது. நீதியின் கணக்கு அதனிடம் கேட்கப்பட வேண்டும்.

மேலும் ஒன்று. ராம்சே உவமையின் தொடக்கத்தை முன்னோக்கி நகர்த்தினார். அதன் முடிவையோ வாசிக்காது விட்டார் எனலாம். சமாரியன் காயம் கட்டியதோடு நில்லாமல் சத்திரத்திற்குக் கொண்டுபோய், மறுநாளும் பணம் கொடுத்து, மீண்டும் வருவேன் என்று வாக்களித்தான். படையெடுப்பை வாதிடுவோர் பலர் சத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நம் சத்திரமோ கண்முன்னே உள்ளது. 1983 முதல் வந்த ஈழத்தமிழர், 40 ஆண்டுகள் கடந்தும் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் முகாம்களில் வாழ்கின்றனர். 2021இல் அவற்றின் பெயர் மறுவாழ்வு முகாம் என மாறிற்று. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவர்களுக்காக நம் சபைகள் செலவிட்ட மறுநாள் பணம் எவ்வளவு?

நூம்பலுக்கு அருகே ஆவடியில், 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்த தொழிற்சாலை நிற்கிறது. அங்கே உழைப்போர் நம் சபைகளில் திருவிருந்தில் பங்குகொள்கின்றனர். படைக்கலம் எங்கோ அயல்நாட்டில் மட்டும் உள்ளதன்று. நம் காணிக்கைப் பையிலும் அதன் கூலி விழுகிறது. அன்று வினவிய மாணவருக்கு நம் விடை இதுவே: சமாரியன் முன்னரே வந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பதை நாம் முடிவாகச் சொல்ல இயலாது. பின்னர் வந்தவன் என்ன செய்தான் என்பதை ஆண்டவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதனைச் செய்து முடித்த திருச்சபையே, முந்தைய வினாவைக் கேட்கும் உரிமை பெறும்.