பேஜ்மேக்கர் சிக்கனம்

காகித விலையேற்றம் பற்றிப் பதிப்பாளர்கள் கூடிப் பேசிய ஒரு கூட்டத்தில், மூத்தவர் ஒருவர் தன் சிக்கனத்தின் ரகசியத்தைச் சொன்னார். "இருபது வருஷமா அதே பேஜ்மேக்கர், அதே ஃபாண்ட், அதே கம்ப்யூட்டர். புத்தகம் வந்துகிட்டுதானே இருக்கு?" நல்ல கைதட்டல். என் கை மட்டும் எழவில்லை.

பேஜ்மேக்கர் என்ற அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஈய எழுத்துக் கோத்த காலத்துக்குப் பிறகு, சிற்றூரின் ஒற்றை அறையிலும் புத்தகம் உருவாக வழிசெய்தது அதுதான். பழைய கணினியிலும் தடங்கலின்றி ஓடும். டிடிபி செய்பவர்களின் விரல்களுக்குப் பழகிய மென்பொருள். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாறச் சொன்னவர்கள் தொடக்கத்தில் நல்ல எழுத்துருக்களைக் கையில் தரவில்லை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்கள் கொம்பையும் காலையும் திசைக்கொன்றாகச் சிதறடித்த காலம் ஒன்றும் இருந்தது. அன்று மாற மறுத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஆனால் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழு வெளிவந்தது 2001-இல். தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல். பேஜ்மேக்கரின் வாரிசான இன்டிசைன் இந்திய மொழி எழுத்துகளுக்கு இடம் தந்தது 2012-இல். அன்றைய விவேகத்தை இன்றும் காரணமாகச் சொல்வது சோம்பல். (மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கை தூக்குங்கள் என்றால் அந்த அரங்கம் அமைதியாகியிருக்கும். அதை விடுவோம்.)

என் பழைய புகார் வேறு. பேஜ்மேக்கர் கோப்பில் இருப்பது தமிழே அல்ல. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். 'தமிழ்' என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கணினிக்குள் பதிவாகிறது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிவிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும்வரை முகமூடி கழலாது. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் முந்நூறு பக்க நாவல் முந்நூறு பக்க உளறலாகிவிடும்.

சரி, மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது செய்யும் வேலையையும் பாருங்கள். இந்தப் பழைய எழுத்துருக்கள் பலவற்றில் 'கௌ' என்பது கொம்பு, 'க', 'ள' என்ற மூன்று துண்டுகள். 'கெள' என்பதும் அதே மூன்று துண்டுகள்தான். எது எது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஒருபக்கம் சாய்ந்தால் 'கௌரவம்' 'கெளரவம்' ஆகிவிடும். மறுபக்கம் சாய்ந்தால் 'வெளியீடு' 'வௌியீடு' ஆகிவிடும். இணையத்தில் தேடிப் பாருங்கள், இரண்டு வகைப் பிழைகளும் கொட்டிக் கிடக்கின்றன. கண்ணுக்கு இவை ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரும் தாண்டிப் போய்விடுவார். ஆனால் 'வெளியீடு' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் ஒருபோதும் அகப்படாது.

இப்படிப் பழைய கோப்பைக் கட்டிக்கொண்டிருப்பதன் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதன் பெயரில் ஏறுவதில்லை. என் நூல் ஒன்றின் மறுபதிப்பின்போது நேர்ந்ததைச் சொல்கிறேன். கோப்பு இருந்தது. எழுத்துரு இருந்த கணினி பழுதாகிவிட்டது. அச்சிட்ட பிரதியைப் பார்த்து முழு நூலையும் மறுபடி தட்டச்சு செய்தார்கள். முதற்பதிப்பில் திருத்திய பிழைகள் சில திரும்ப வந்தன, புதியவையும் சேர்ந்தன. இரண்டு சுற்று மெய்ப்பு, நான்கு மாதம். பதிப்பகத்தின் கணக்கில் இது 'டைப்செட்டிங்', 'புரூஃப்' என்ற வழக்கமான தலைப்புகளில் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய கணினியின் செலவு என்று யாரும் எழுதவில்லை. நான் நூலை இரண்டாம் முறை வரிவரியாகப் படித்த கூலியோ எந்தத் தலைப்பிலும் இல்லை.

அச்சுக்கு பிடிஎஃப் போதுமே, இப்போது பிஓடியில் (தேவைக்கேற்ப அச்சிடும் முறையில்) ஐம்பது பிரதிகூடப் போடலாமே என்பது அடுத்த வாதம். அந்த பிடிஎஃப் வெறும் படம் போன்றது. அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்தால் உளறல்தான் வரும். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அதைத் திறந்தால் 'ஜே கே பி ஓ' என்று ஓதும். கிண்டில் 2016 இறுதியில் தமிழுக்குக் கதவைத் திறந்தபோது அது கேட்டது ஒருங்குறியை. கையில் தலைப்புகளைக் குவித்து வைத்திருந்தவர்கள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அன்று விற்காத மின்னூலின் நஷ்டத்தை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? வராத பணத்துக்கு ரசீது கிடையாது. அதனால்தான் அது சிக்கனம்போலத் தோன்றுகிறது.

சின்னப் பதிப்பகங்களுக்கு ஆளில்லை, பணமில்லை என்று இரங்குவதும் எனக்கு இப்போது அலுத்துவிட்டது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. முதலில் பழைய குறியாக்கங்களில் நூல்களை ஏற்றினார்கள், பிறகு ஒருங்குறிக்கும் கொண்டுவந்தார்கள். அத்தனையும் சம்பளமில்லாத தன்னார்வலர்களின் வேலை. சங்க இலக்கியத்தில் நாம் இன்று ஒரு சொல்லைத் தட்டித் தேடுகிறோம். போன வருடம் வந்த நாவலில் ஒரு சொல்லைத் தேட முடியவில்லை. இதற்குப் பணமில்லாமையைக் காரணம் காட்டினால் நான் நம்பமாட்டேன்.

அந்த மூத்தவரின் சிக்கனத்துக்கு எழுத்தாளர்கள் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பதிப்பகம் மூடினாலோ, டிடிபி செய்தவர் வேறு வேலைக்குப் போனாலோ, நூலின் கடைசித் திருத்தமும் கூடவே போய்விடுகிறது. எழுத்தாளர் தன் வீட்டுக் கணினியில் வைத்திருப்பது திருத்தத்துக்கு முந்தைய பிரதி மட்டுமே.

ஆகவே எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஒப்பந்தத்தில் ராயல்டி விழுக்காட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: இறுதி மெய்ப்பு முடிந்த பிரதியை ஒருங்குறிக் கோப்பாக ஆசிரியருக்குத் தர வேண்டும். முடியாது என்று சொன்னால், ஏன் முடியாது என்று கேளுங்கள்.