சவரக் கத்தியும் மூன்று வாசகர்களும்

எர்னாண்டோ டெய்யெஸின் ‘வெறும் நுரைதான்’ கதையைப் பற்றி நான் சொல்லி வந்ததை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்குக் காரணம் வேறொரு விமர்சகரின் வாதம் அல்ல, ஒரு கத்தி.

1950இல் வெளியான தொகுதியில் இருக்கிறது அந்தக் கதை. கொலம்பியாவில் 1948 ஏப்ரல் 9இல் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துப் பெருகிய வன்முறைதான் அதன் பின்புலம். கலகக்காரர்களைப் பிடித்துத் தூக்கிலிடும் கேப்டன் டோரெஸ் நான்கு நாள் தாடியோடு சவரக் கடைக்குள் வந்து உட்காருகிறான். சவரக்காரன் ரகசியமாகக் கலகக்காரர்களின் ஆள். கையில் கத்தி, கண்ணெதிரே கழுத்து. ஆனால் அவன் கொல்லவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வராமல் மழித்து அனுப்புகிறான். வாசலில் நின்று டோரெஸ் சொல்லிவிட்டுப் போவதன் சாரம் இது: நீ என்னைக் கொல்வாய் என்றார்கள், அதைச் சோதிக்கத்தான் வந்தேன்; கொல்வது சுலபமில்லை.

இதைத் தொழிலின் அறம் பற்றிய கதை என்று சொன்னேன். கலைஞனுக்கு அவன் கருவியே மனசாட்சி என்றும் சொன்னேன். ஆதாரமாக நான் எப்போதும் காட்டியது ஓர் இடம். பாதிச் சவரத்தில் அவன் நிறுத்தி, கத்தியைத் துடைத்து, மறுபடி தோல்வாரில் தீட்டுகிறான். எதிரியின் முகத்துக்கும் அரைகுறை வேலை செய்ய மனம் வரவில்லை பாருங்கள் என்பேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு சோலிங்கன் கத்தி என்னிடம் வந்தது. வாய் மழுங்கி, முதுகில் துருப் புள்ளிகளோடு இருந்தது. அதைத் தீட்டப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. சாணைக்கல்லில் கத்தியைப் படுக்க வைக்க வேண்டும். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டும். கோணத்தை நாம் தீர்மானிப்பதில்லை, முதுகின் தடிப்பே தீர்மானித்துவிடுகிறது. கல்லில் வாய் முன்னே போகும். தோல்வாரில் முதுகு முன்னே, வாய் பின்னே. மறந்து மாற்றி இழுத்தால் தோல் அறுந்துபோகும். கல் எஃகைத் தேய்த்தெடுக்கிறது. தோல் பெரும்பாலும் வளைந்த விளிம்பை நிமிர்த்திவிடுகிறது, அவ்வளவே.

தடித்த தாடியில் அந்த விளிம்பு சீக்கிரம் கெடும். சவர பிளேடுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான மயிரே விளிம்பில் சில்லு பெயர்த்துவிடுவதை 2020இல் காட்டினார்கள். பதம் போன கத்தி மயிரை வெட்டாது, இழுக்கும். கை தானாகவே அழுத்தம் கொடுக்கும். அழுத்தினால் தோல் கிழியும்.

ஆக, டெய்யெஸின் சவரக்காரன் பாதியில் தீட்டியது தேவை. நான்கு நாள் தாடியோடு யார் வந்து உட்கார்ந்திருந்தாலும் தீட்டியிருப்பான். கொல்வதென்று முடிவு செய்திருந்தாலும் தீட்டியிருப்பான். அதில் மனசாட்சியின் சுவடைக் கண்டது நான். கத்தி பிடிக்காதவனின் வாசிப்பு அது.

ஹெர்மன் மெல்வில்லின் ‘பெனிட்டோ செரினோ’ (1855) இதே தவறை ஒரு பாத்திரமாகவே ஆக்கியிருக்கிறது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து கைப்பற்றிய கப்பல் அது. வெளியிலிருந்து வந்த அமெரிக்கக் கேப்டன் டிலானோவுக்கு அது தெரியாது. அவன் பார்த்திருக்க, கிளர்ச்சியின் தலைவனான பாபோ பணியாள் வேஷத்தில் செரினோவுக்குச் சவரம் செய்கிறான். ஸ்பெயின் நாட்டுக் கொடியைக் கழுத்துத் துணியாகக் கட்டுகிறான். கத்தியைத் தன் உள்ளங்கையில் தீட்டுகிறான். செரினோ நடுங்குகிறான், ஒரு துளி ரத்தம் வருகிறது. டிலானோ காண்பது விசுவாசமுள்ள வேலைக்காரனின் பரிவை. இவர்கள் இந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள் என்று ரசிக்கிறான். பிடிபட்ட பின் பாபோ வாய் திறப்பதில்லை. அவன் மனத்தை மெல்வில் கடைசிவரை நமக்குத் தரவில்லை.

உள்ளங்கையில் தீட்டும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த ஓசை எனக்குத் தெரியும்.

தாத்தா அந்தச் சோலிங்கன் கத்தியைத் தன் கையால் எடுத்துச் சவரம் செய்துகொண்டதில்லை. நாவிதர் வருவார். வீட்டுக்குள் அல்ல, கொல்லைப்புறமாக. கூலி அறுவடையில் நெல்லாக அளக்கப்படும். எட்டு வயதுப் பையனான நான் நரைத்த தலைக்காரரான அவரை ‘வா, போ’ என்றுதான் பேசினேன், யாரும் திருத்தவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் நாலு தரம் இழுத்து, இடது கையால் தாத்தாவின் தாடைத் தோலை இழுத்துப் பிடிப்பார். தாத்தா கண்ணை மூடிக்கொள்வார். தன் வீட்டுப் படியேற விடாத ஒருவர் கையில் தினசரிக் கழுத்தைக் கொடுத்துவிட்டு அப்படித் தூங்க முடிந்தது அவரால். ஒரு நாளும் கீறல் பட்டதில்லை. ‘தாத்தாமேல் அவனுக்கு அத்தனை பிரியம்’ என்று வீட்டில் சொல்வார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையைத்தான் பிறகு டெய்யெஸின் கதைக்குள் கொண்டுபோய் ‘கலைஞனின் அறம்’ என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன்.

நடுங்காத கையை மூன்று பேர் வாசிக்கிறார்கள். டிலானோ அதைப் பிரியம் என்கிறான். நானும் அதையே சொன்னேன். டோரெஸ் மட்டும் அப்படி ஏமாறவில்லை. இவன் மனத்தில் என்ன இருந்தாலும் கை வேலையைத்தான் செய்யும் என்பதை அவன் ஊகித்து, கழுத்தைப் பந்தயமாக வைத்து ஜெயிக்கிறான். நல்ல வேலைக்காரனின் கர்வத்தை அதிகாரம் எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இந்தக் கதை. அதன் கடைசிப் பேச்சு உரத்துவிட்டது என்று முன்பு குறை சொன்னேன். அது குறையில்லை. பேசும் உரிமை அவனுக்கு மட்டும்தான் அங்கே இருக்கிறது. சவரக்காரன் நம்மிடம் மனத்துக்குள் பேசுவதோடு சரி.

உருவம், செப்பம், சொல்லின் கூர் என்று இந்தப் பக்கங்களில் நாம் நிறையப் பேசிவிட்டோம். கூர் ஒரு குணம், அதற்குத் தனியாக அறம் கிடையாது. அது யார் முகத்தை மழுமழுவென்று ஆக்கி அனுப்புகிறது என்று கேட்காத விமர்சனம் டிலானோவின் விமர்சனம்தான்.

எங்கள் கொல்லைப்புறத்து மனிதர் என்ன நினைத்துக்கொண்டு தீட்டினார்? அவர் இல்லை. இருந்த காலத்தில் நான் கேட்கவில்லை. கத்தியை நன்றாகத் தீட்ட வருகிறது என்பதால் அவர் மனத்துக்குள் புகுந்து ஒரு கதை எழுதிவிடலாம் என்று போன வருஷம் தோன்றியது. நாலு பக்கம் எழுதினேன். அதில் அவர் தாத்தாவை மன்னித்துவிட்டிருந்தார். கிழித்துப் போட்டேன்.