போகரின் ஊர்தியும் வெய் போயாங்கின் நாயும்

சொந்த ஊர்தியில், வளர்ப்பு நாயைக் கூட்டிக்கொண்டு ஊர்சுற்றும் பயணி என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். பழனியைப் பொறுத்தவரை அந்த இடத்தில் வைக்கத்தக்கவர் போகர். அவர் பெயரில் வழங்கும் ‘போகர் ஏழாயிரம்’ பயணத்தாலும் ஊர்திகளாலும் நிறைந்த நூல். கடந்த சில பத்தாண்டுகளில் அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு நாயும் சேர்ந்துகொண்டது. ஊர்தி அவருடையதுதான். நாய் அவருடையதல்ல என்பதற்குப் போதிய சான்று உண்டு.

முதலில் அந்த நாயின் கதை. போகர் நெடுநாள் முயன்று காயகற்ப மாத்திரையைச் செய்து முடிக்கிறார். மூன்று சீடர்களுடனும் ஒரு நாயுடனும் மலைமேல் செல்கிறார். மாத்திரையை முதலில் நாய்க்குக் கொடுக்கிறார். நாய் விழுந்து இறக்கிறது. தலைமைச் சீடரான யூ வாங்கி விழுங்குகிறார், அவரும் சாய்கிறார். மற்ற இருவரும் அஞ்சி, பிறகு உண்பதாகச் சொல்லி மாத்திரையை ஒளித்துக்கொள்கின்றனர். போகரும் உண்டு விழுகிறார். அடக்கம் செய்வதற்கான பொருட்களைக் கொண்டுவர இருவரும் கீழே போகின்றனர். திரும்பி வந்தால் உடல்கள் இல்லை. ‘நானும் யூவும் நாயும் பிழைத்தோம், உங்களுக்கு வாய்ப்புப் போயிற்று’ என்ற பொருளில் ஒரு கடிதம் மட்டும் கிடக்கிறது. இந்த யூ என்பவரே பின்னாளில் புலிப்பாணி ஆனார் என்று கதை முடிகிறது.

இதன் மூலம் சீனத்தில் இருக்கிறது. பொ.யு. 4-ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் தொகுத்ததாகக் கருதப்படும் ‘ஷென்சியான் ஜுவான்’ என்ற சித்தர் வரலாற்று நூலில், 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரசவாதி வெய் போயாங்கின் கதை வருகிறது. மூன்று சீடர்கள், ஒரு வெள்ளை நாய், மலை, மாத்திரை. நாய் முதலில் இறக்கிறது. குடும்பத்தைத் துறந்து வந்தவன் வெறுங்கையுடன் திரும்ப வெட்கப்படுவதாகச் சொல்லி வெய் போயாங் தானும் உண்கிறார். ஆசிரியர் சாதாரண மனிதர் அல்லர், இதில் ஏதோ நோக்கம் இருக்கும் என்று நம்பி ஒரு சீடர் உண்கிறார். நீண்ட வாழ்நாளுக்காகத்தான் மருந்தைத் தேடினோம், அதை உண்டே சாவதானால் உண்ணாமல் இன்னும் சில பத்தாண்டுகள் இருக்கலாமே என்று மற்ற இருவரும் கணக்குப் போட்டு, சவப்பெட்டி வாங்க மலையிறங்குகின்றனர். வெய் போயாங் எழுந்து, இறந்த சீடரின் வாயிலும் நாயின் வாயிலும் மருந்தை இட்டு உயிர்ப்பிக்கிறார். வழியில் கண்ட விறகுவெட்டி ஒருவன் மூலம் மற்ற இருவருக்கும் கடிதம் போகிறது. நம்பி உண்ட அந்தச் சீடரின் குடிப்பெயர் யூ.

நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒன்று, சீடர் எண்ணிக்கை ஒன்று, சீடரின் பெயரும் ஒன்று. இரண்டு பண்பாடுகளில் தனித்தனியே தோன்றிய ஒப்புமை என்று இதைக் கொள்ள வழியில்லை. மாறியிருப்பவை சிலவே: ஆசிரியரும் சீடரும் மாத்திரை உண்ணும் வரிசை மாறிவிட்டது, விறகுவெட்டி காணாமல் போய்விட்டார், பரவலாக வழங்கும் மறுகூறல்களில் நாயின் வெள்ளை நிறமும் போய்விட்டது.

கதை போகர் கணக்கில் ஏறிய வழியையும் ஓரளவு காணமுடிகிறது. போகர் சீனத்திலிருந்து வந்தவர் என்றும், பழனியிலிருந்து சீனம் சென்றவர் என்றும் இருவகை மரபுகள் தமிழில் உண்டு. லாவோட்சுவின் மறுபெயராகச் சீன மரபு குறிப்பிடும் பெயர்களில் ஒன்று போ யாங். ‘போ’ என்ற முதலசையைப் பற்றிக்கொண்டு போகரே போ யாங், ஆகவே போகரே லாவோட்சு என்ற சமன்பாடு, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் வெளிவந்த யோக நூல்களில் இடம்பெற்றது. அடுத்த படியில் வெய் போயாங்கின் கதையும் அதே பெயரின் கீழ் வந்து சேர்ந்தது. லாவோட்சுவுக்கு மரபு கூறும் காலத்துக்கும் வெய் போயாங்கின் காலத்துக்கும் இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருப்பது யாரையும் உறுத்தவில்லை. பிறகு அந்தக் கதையே, போகர் சீனம் சென்றதற்கான சான்றாக மேற்கோள் காட்டப்படுகிறது. வட்டிக்கு வாங்கிய நகையைக் காட்டி பரம்பரைச் சொத்து என்பதைப் போன்றது இது.

போகர் ஏழாயிரத்தின் இயல்புக்கும் இக்கதை பொருந்தாது. சப்த காண்டம் என்றும் அழைக்கப்படும் இந்நூல் ஏழு காண்டங்கள் கொண்டது. மொழிநடையையும் யாப்பையும் கலந்துவரும் சொற்களையும் கொண்டு, இன்று கிடைக்கும் வடிவம் பிற்காலத்தது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. புலிப்பாணியை மைந்தனாக விளித்து, போனேன், கண்டேன் என்று தன்மையில் சொல்லிச் செல்லும் பயண நடை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. குளிகையை வாயில் அடக்கிக்கொண்டு வான்வழியே ‘சீனபதி’ போகிறார். நெருப்பும் புகையும் கொண்டு ஓடும் கப்பல் செய்யும் முறையும் பாடப்படுகிறது. ஆக, மாத்திரைதான் போகரின் முதல் ஊர்தி. சீனக் கதையில் மாத்திரை என்பது நம்பிக்கையைச் சோதிக்கும் கருவி. அதை உண்டவர் செத்துப் பிழைக்கவேண்டும். போகரின் குளிகை ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதற்கு முன்னோட்டம் பார்க்க ஒரு நாய் தேவைப்படவில்லை.

இந்த ஊர்திப் பாடல்களைப் பழந்தமிழரின் அறிவியல் என்று கொண்டாடுவோரும், பிற்காலத்தவர் ஐரோப்பியக் கப்பலைப் பார்த்து எழுதிச் சேர்த்தவை என்று ஒதுக்குவோரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். இருவரும் பாடல்களைப் பயணப் புனைவாகப் படிப்பதில்லை. தன் ஊர்தியைத் தானே கட்டி, அதன் அளவும் உறுப்பும் சொல்லி, பிறகு அதில் ஏறிப்போய் உலகைக் கண்டுவரும் ஒரு கதைசொல்லி அங்கே இருக்கிறார். தமிழில் அவ்வாறான கதைசொல்லிகள் அதிகமில்லை. நாயின் கதை மேலே வந்து உட்கார்ந்தபின் அவரைக் காண்பது இன்னும் கடினமாகிவிட்டது.

பயணக்கதையில் நாய் எப்படி நிற்கவேண்டும் என்பதற்கு ஸ்டைன்பெக்கைப் பார்ப்பது நல்லது. 1960 செப்டம்பரில் அவர் நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து புறப்பட்டார். சரக்கு வண்டி ஒன்றின் மேல் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் பொருத்திய சிறு வீட்டை ஏற்றி, டான் குவிக்ஸோட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டே என்பதை அதற்குச் சூட்டினார். உடன் சென்றது சார்லி என்ற வயதான பூடில் நாய். ஏறத்தாழ பத்தாயிரம் மைல் பயணத்தின் பதிவாக ‘டிராவல்ஸ் வித் சார்லி’ 1962-இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அந்நூலின் உண்மையும் கேள்விக்குள்ளானது. பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010-இல் அதே வழியில் பயணம் செய்து, ஸ்டைன்பெக் வண்டியில் தனித்துத் தங்கிய இரவுகள் குறைவு, பல நாட்கள் மனைவி உடனிருந்தார், விடுதிகளில் தங்கினார், சில உரையாடல்கள் புனைவாகவே இருக்கவேண்டும் என்று காட்டினார். நூலின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்புக்கு ஜே பரினி எழுதிய முன்னுரையில், இதை அப்படியே நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

ஆனாலும் சார்லியை யாரும் சந்தேகிக்கவில்லை. சார்லிக்குச் சிறுநீர் போவதில் சிக்கல் வருகிறது, வழியில் கால்நடை மருத்துவரைத் தேடவேண்டியிருக்கிறது. அதுவரை சாதுவாக வந்த நாய் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடியைக் கண்டதும் வெறிபிடித்ததுபோல் குரைத்து, ஆசிரியரைப் பயணத்தைத் திருப்ப வைக்கிறது. செம்மரக் காட்டின் மாபெரும் மரத்தடிக்கு ஆசிரியர் ஆவலோடு அழைத்துப்போனால், நாய் அதை ஒரு மரமாகவே மதிக்கவில்லை. அமெரிக்காவைப் பற்றி ஆசிரியர் சொல்ல விரும்பும் எதற்கும் இவை உதவுவதில்லை. கதைக்குத் தேவைப்படாத வேலைகளைச் செய்வதனால்தான் சார்லி உயிருள்ள நாய். வெய் போயாங்கின் நாய் இறக்கிறது, எழுகிறது. அதற்குமேல் அது எதுவும் செய்வதில்லை. அது மருந்தைச் சோதிக்கும் உரைகல். கோ ஹோங் அதைத் தெரிந்தேதான் வைத்தார், அவருடைய கவனம் முழுவதும் சீடர்களின் மீது. பழனிக்கு வந்த மறுகூறலில் அந்தச் சீடர்களின் தயக்கமும் சுருங்கிவிட்டதால், மிஞ்சுவது ஒரு அற்புதம் மட்டுமே.

இந்திய மரபில் நாயும் ஊர்தியும் சந்திக்கும் புகழ்பெற்ற இடம் மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வம். இந்திரன் தேரைக் கொண்டுவந்து ஏறச்சொல்கிறான். கூடவே நடந்துவந்த நாயை விட்டு ஏறமாட்டேன் என்று யுதிஷ்டிரன் மறுக்கிறான். அங்கும் நாய் ஒரு சோதனைதான், ஆனால் சோதிக்கப்படுபவன் மனிதன். 2022-இல் தமிழிலும் வெளியான கிரண்ராஜின் கன்னடப் படம் ‘777 சார்லி’ நாயகனுக்குத் தர்மா என்று பெயரிட்டு, நோயுற்ற நாயைப் பக்கப்பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளில் மைசூரிலிருந்து பனிமலைக்கு அனுப்பிவைப்பது இந்தக் காட்சியை நினைத்தே. கண்ணீரை வலிந்து வரவழைக்கும் இடங்கள் அதில் நிறைய. இருந்தும் முற்பகுதியில் வீட்டைத் துவம்சம் செய்யும் அந்த லாப்ரடார் நம்பத்தக்க நாய்.

போகருக்கு விலங்கு வேண்டுமென்றால் தமிழிலேயே இருக்கிறது. தம்மை இழிவாக நினைத்த வேதியர் முன் ஒரு பூனையை வேதம் ஓதவைத்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. ஞானேஸ்வரர் எருமையை ஓதவைத்த மராத்தியக் கதைக்கு இது உறவு. அங்கே விலங்குக்குக் குரல் உண்டு, கதைக்கு ஒரு சண்டையும் உண்டு.

இழப்பு மிகுதியாக இருப்பது புலிப்பாணியின் பக்கம். பழனி மலைக்கோயிலின் தென்மேற்குத் திருச்சுற்றில் போகர் சமாதி இருக்கிறது. அதன் வழிபாடு புலிப்பாணி மரபினரிடம் உள்ளது. மூலவர் பூசையே ஒருகாலத்தில் தங்களிடம் இருந்ததாகவும், திருமலை நாயக்கர் காலத்தில் தளவாய் ராமப்பையனால் அது கைமாறியதாகவும் அம்மரபு சொல்கிறது. அவர் பெயரில் சோதிட நூலும் வைத்திய நூலும் வழங்குகின்றன. புலிமேல் ஏறிப் போய்க் குருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததால் புலிப்பாணி என்று பெயர்க்காரணம் கூறுவர். வெய் போயாங்கின் கதையை ஏற்றால் இத்தனையும் யூ என்ற சீனச் சீடருக்கு இடப்பட்ட மாற்றுப்பெயரின் கீழ் ஒடுங்கிவிடும். நாயின் கதையைச் சொல்லும் நூல்கள் புலிக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் ஒரு வரி.