சுவர் குடிக்காத தண்ணீர் எங்கே போகும்?

சிலேன்-சிலாக்சேன் நீர்விலக்கிப் பூச்சு அடித்த சுவரில் ஒரு குவளைத் தண்ணீரை வீசினால், அது முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். விளம்பரம் காட்டுவது அதைத்தான். ஆனால் பூச்சின் தரத்துக்கு அது சான்றே அல்ல. மேலோட்டமாக அடித்த மலிவுச் சரக்கும் முதல் மாதம் அழகாக முத்து காட்டும். நல்ல சரக்கிலோ வெயில் பட்டு மேற்பரப்பில் முத்து திரள்வது மங்கிய பிறகும், சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கிய மருந்து நுண்துளைகளில் பற்றிக்கொண்டு, தண்ணீரை உறிஞ்சவிடாமல் ஆண்டுக்கணக்கில் தடுக்கும். உண்மையான சோதனைக்குக் கார்ஸ்டன் குழாய் வேண்டும். அளவுக்கோடு போட்ட அந்தக் கண்ணாடிக் குழாயைச் சுவரில் ஒட்டி, நீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பூச்சு அடிக்கும் முன்னும் பின்னும் இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்க வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு.

தமிழக-கேரள எல்லையில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கக் கிராமங்களில் இந்தப் பூச்சு காசுக்குத் தகுந்த பலன் தரும் இடம், சாந்து பூசாமல் விட்ட வெட்டுக்கல் (லேட்டரைட்) சுவர். கட்டுமானத்துக்கான வெட்டுக்கல் தன் எடையில் 12 சதவீதம் வரை நீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. 20 கிலோ கல்லுக்கு இது இரண்டு லிட்டருக்கு மேல். ஜூனில் எடவப்பாதி மழை, அது ஓய்ந்து சுவர் காய்வதற்குள் அக்டோபரில் துலாவர்ஷம். இப்படி இரண்டு மழைக்காலம் கொண்ட ஊரில், கல் குடிப்பதைக் குறைத்தாலே பாசியும் உட்சுவர் ஈரமும் கணிசமாகக் குறையும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் இந்தப் பூச்சு வழிவிடும். கண்ணுக்குத் தெரியும் பொத்தல்களை மட்டும் இது அடைக்காது. அவற்றைச் சாந்து வைத்துத்தான் மூட வேண்டும்.

சாந்து பூசிய கான்கிரீட் வீடுகளில்தான் எனக்கு இதன்மேல் கோபம் வருகிறது. பூச்சு இல்லாத சுவர் தன்மேல் விழும் மழையில் ஒரு பங்கைக் குடித்து, பிறகு காய்ந்துவிடும். பூச்சு அடித்த சுவர் எதையும் ஏற்காததால், அத்தனை நீரும் தாள் போல வழிந்து இறங்கி விரிசலையும் ஜன்னல் சட்டத்தின் இடுக்கையும் தேடிப் போகிறது. சுமார் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசலில் இந்த மருந்துக்கு வேலையே இல்லை. காற்றோடு அடிக்கும் மழை நேராக உள்ளே நுழைந்துவிடும். பரவலாக ஓதம் காத்த சுவர் இப்போது ஒரே கோட்டில் ஒழுகும். குற்றம் விரிசலுடையதே தவிரப் பூச்சுடையது அல்ல என்பார்கள். சரிதான், ஆனால் விரிசலை முதலில் அடையுங்கள் என்பதை வாளியின் மேல் பெரிய எழுத்தில் அல்லவா போட்டிருக்க வேண்டும்? அப்படியானால் ரப்பர் போல இழுபடும் கனத்த பெயின்டே போதுமே என்ற கேள்வியும் நியாயமானது. மயிரிழை விரிசல்களை அது மூடும். ஆனால் குளியலறைக் குழாயிலிருந்தோ தரையிலிருந்தோ வரும் ஈரம் அதன் பின்னால் சிக்கினால், சுவர் கொப்பளித்து உரியும்.

பத்மநாபபுரம் அரண்மனையின் சுவர்களை மழையிலிருந்து காப்பவை தாழ இறங்கிய ஓட்டுக்கூரையும் அகன்ற இறவாரமும்தான். கான்கிரீட் பெட்டி வீடுகள் அந்த இறவாரத்தை வெட்டிவிட்டு, அதன் வேலையை ஒரு வாளி மருந்திடம் ஒப்படைக்கின்றன. கட்டி முடித்த வீட்டுக்கு இனி இறவாரம் எப்படி வைப்பது என்று கேட்கலாம். முழு வீட்டுக்கும் வேண்டாம்; சாரல் நேராக அடிக்கும் மேற்கு, தென்மேற்குச் சுவர்களுக்கு மேல் ஷீட் நீட்டி இறக்கினாலே நனைவது பெருமளவு குறையும். காசு குறைவென்றால் முதலில் அதற்கும், அடுத்து விரிசலுக்கும் போகட்டும். மிச்சம் இருந்தால் பூச்சு, அதுவும் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள். அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஓதத்தை இது நிறுத்தாது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லின் முகத்தையே செதிள் செதிளாகப் பெயர்த்துவிடும்.