காதுக்கு வந்த லிஸ்பெத்

ஸ்டீக் லார்ஸனின் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’வை அச்சில் படித்தவர்கள் கதையைப் பற்றிப் பேசுவார்கள். ஒலிப்புத்தகமாகக் கேட்டவர்கள் சண்டை போடுவார்கள். மூன்று மணி நேரத்தோடு நிறுத்திவிட்டேன் என்பார் ஒருவர். அதைக் கேட்டுக்கொண்டே இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போன கதையைச் சொல்வார் இன்னொருவர். அதை வாசித்திருக்கும் சைமன் வான்ஸின் குரல் பிரமாதம் என்று ஒரு சாரார். இவ்வளவு கொடூரமான கதைக்கு இத்தனை நாகரிகமான குரலா என்று மற்றொரு சாரார். நான் முதலில் அச்சில் படித்து, சில ஆண்டுகள் கழித்து அந்தப் பதினாறு மணி நேரத்தையும் கேட்டவன். படிக்கும்போது நம் கையில் இருக்கும் கடிவாளம் கேட்கும்போது வாசிப்பவர் கைக்குப் போய்விடுகிறது. இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம்.

தொடக்கம் காதுக்கென்றே எழுதியது போலிருக்கும். ஆண்டுதோறும் பிறந்தநாளன்று, அனுப்பியவர் பெயரில்லாமல், சட்டமிட்ட உலர்ந்த பூ ஒன்று கிழவர் ஒருவருக்கு வந்து சேருகிறது. அவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுகிறார். இரண்டு முதியவர்கள், வருடா வருடம் நடக்கும் அதே உரையாடல். தொலைபேசிப் பேச்சை இயர்போனில் கேட்கும்போது நடுவில் நாமும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. அச்சில் இரண்டு நிமிடத்தில் நான் தாண்டிய பகுதி அது.

அப்புறம்தான் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். பத்திரிகையாளர் மிக்கேல் புளூம்க்விஸ்ட், வென்னர்ஸ்ட்ரோம் என்ற தொழிலதிபர் தொடுத்த அவதூறு வழக்கில் தோற்று நிற்கிறார். போலந்தில் தொழிற்சாலை தொடங்குவதாகச் சொல்லி அந்த ஆள் பொதுப்பணத்தை வாங்கிய கதை விலாவாரியாக வருகிறது. அச்சில் படித்தவர்களும் இங்கே நெளிந்தார்கள். ஆகவே இது ஒலிப்புத்தகத்தின் பிழை அல்ல, நாவலின் பிழை. ஆனால் படிக்கிறவர் நாலு பத்தியை ஒரே பார்வையில் மேய்ந்துவிட்டுப் போய்விடலாம். கேட்கிறவருக்கு மேய வழியில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் எல்லாச் சொல்லும் காதில் விழுந்தே தீரும். கதையின் நாயகி லிஸ்பெத் சாலண்டர் வாங்க நினைக்கும் ஆப்பிள் மடிக்கணினியின் நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்பதையெல்லாம் வான்ஸ் கடமை தவறாமல் வாசிக்கிறார். கணினிக் கடைக்காரரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

பெயர்கள் இன்னொரு தொல்லை. ஹென்ரிக், ஹேரியட், ஹரால்ட். ஊர்கள் ஹெடெஸ்டாட், ஹெடெபி. 1966இல் ஹேரியட் என்ற பதினாறு வயதுப் பெண் காணாமல் போகிறாள். பின்னாளில் அதைத் துப்பறியும் வேலை புளூம்க்விஸ்ட்டிடம் வந்து சேர்கிறது. அவளுடைய வாங்கர் குடும்பத்தில் யாருக்கு யார் அண்ணன், யார் நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பது துப்பறியும் கதையின் உயிர்நாடி. அச்சில் குடும்ப மரம் ஒரு பக்கத்தில் இருக்கிறது. நான் அங்கே காகிதத் துண்டு செருகிவைத்திருந்தேன். காதில் அது ஒரு பெயர் மழை. ஹேரியட்டின் நாட்குறிப்பில் சில பெயர்களும் பக்கத்தில் ஐந்து இலக்க எண்களும் இருக்கின்றன. அச்சில் அவற்றை வெறித்துப் பார்க்கலாம், விரலை வைத்து எண்ணலாம், புளூம்க்விஸ்ட்டுக்கு முன்னால் விடையைக் கண்டுபிடிக்க முயலலாம். அவர் பழைய புகைப்படங்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் இடமும் அப்படித்தான். கண்ணுக்காகப் போட்ட முடிச்சுகள் இவை. ஒலிப்புத்தகம் வாசகரைத் துப்பறிவாளர் நாற்காலியிலிருந்து எழுப்பிப் பார்வையாளர் பெஞ்சில் உட்காரவைக்கிறது. இந்தப் பதிப்பின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். இதற்கு வான்ஸ் பொறுப்பாக முடியாது.

அவர் முன்பு பிபிசி வானொலியில் பணியாற்றியவர். அந்தச் செய்தி வாசிப்பின் சாயல் குரலில் உண்டு. கரடுமுரடான கதைக்குக் கரகரத்த குரல் வேண்டும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லார்ஸனே பத்திரிகைக்காரர். செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தீவிர வலதுசாரி அமைப்புகளை அம்பலப்படுத்திய ‘எக்ஸ்போ’ இதழை நடத்தியவர். 2004இல், ஐம்பதாவது வயதில், மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த இந்த நாவலுக்கு ஸ்வீடிஷ் மொழியில் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்று பெயர். பகுதிகளின் தொடக்கத்தில் பெண்கள் மீதான வன்முறையின் புள்ளிவிவரங்களை வைத்திருக்கிறார். செய்தியறிக்கை நடையில் எழுதிய புத்தகத்தைச் செய்தி வாசிப்பவரின் நிதானத்தோடு வாசிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நடுங்கும் குரலும் பெருமூச்சும் சேர்த்திருந்தால் வக்கிரம் வேடிக்கையாகியிருக்கும்.

சாலண்டரின் குரலில் மட்டும் எதிர்த்தரப்பு சொல்வதை ஏற்கிறேன். இருபத்துநான்கு வயது, அளந்து பேசுகிற பெண். வான்ஸ் கீச்சுக்குரலில் பெண்வேடம் போடாமல் தொனியை மட்டும் தணித்துக்கொள்கிறார். அந்த மட்டுக்கும் நன்றி. ஆனாலும் அச்சில் அவளுடைய ஒற்றைச்சொல் பதில்களைச் சுற்றி இருந்த வெற்றிடம் இங்கே இல்லை. நான் மனதில் கேட்டிருந்த லிஸ்பெத் இதைவிட முரடானவள்.

வன்முறைக்கு வருகிறேன். சாலண்டரின் சட்டப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் பியூர்மன், அந்த அதிகாரத்தை வைத்தே அவளைச் சீரழிக்கிறார். அச்சில் அந்தப் பக்கங்களை அரைக்கண்ணால் கடந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கேட்டபோது சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நிறுத்தலாம் என்று ஃபோன் திரையைத் தொட்டால் ஈர விரலுக்கு அது அசையவில்லை. கையைத் துண்டில் துடைத்து, மறுபடி தொட்டு, அதற்குள் அந்த நிதானமான குரல் ஒரு சொல்லும் விடாமல் சொல்லிக்கொண்டே போனது. காட்சி முடியும்வரை குழாயை மூடவும் தோன்றவில்லை.

இதைக் குறை என்று எண்ணி இயர்போனைக் கழற்றிவிட்டவர்கள் உண்டு. அவர்கள் கழற்றியதில் தப்பில்லை. ஆனால் நானோ, அரைக்கண்ணால் தப்பித்த முதல் வாசிப்பில் இந்த நாவலைப் பாதிதான் படித்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வென்னர்ஸ்ட்ரோம் கணக்கு வழக்கில் என்னைக் கொட்டாவி விடவைத்த அதே குணம்தான், எதையும் தாண்ட விடாத குணம், இங்கே லார்ஸன் சொல்லவந்ததைத் தப்பாமல் கொண்டுவந்து சேர்த்தது. அந்த ஒரு அத்தியாயத்துக்காக மற்ற சலிப்புகளையெல்லாம் மன்னிக்கலாம் என்பது என் முடிவு. துப்பறியும் புதிருக்காக மட்டும் வருகிறவர்கள் அச்சுப் புத்தகத்தையே வாங்குங்கள்.

கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், வாங்கர் குடும்ப மரத்தை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பியூர்மன் வீட்டுக்கு அவள் முதன்முறை போகும் இடம் வரும்போது கை ஈரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.