தோன்றா எழுவாய்

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் போடிநாயக்கனூர்த் தெருக்களில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள், தலையில் இறுகக் கட்டிய துண்டு. இப்படி அடுக்கிவைத்த மூட்டைகளைப்போல நெருங்கி உட்கார்ந்து, முந்தல் சோதனைச் சாவடியைக் கடந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் செல்கிறார்கள் நம் தாய்மார்கள். மாலையில் இறங்கி வரும்போது கையில் ஏலக்காய் மணம் இருக்கும். காலில் அட்டைக் கடி இருக்கும். அந்த மணம் வெளிநாட்டுச் சந்தை வரை போகிறது. அட்டைக் கடி வீட்டோடு நின்றுவிடுகிறது.

இந்த மகளிரின் உடன்பிறவாச் சகோதரிகளைக் குறித்து ஓர் அமைச்சர் ஒரு மேடையில் உதிர்த்த ஒரு வாக்கியத்தை, இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில், இங்கே பகுத்துப் பார்க்க விழைகிறோம். பழைய கதைதானே என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டா. ஆண்டு பலவானாலும் அந்த வாக்கியத்திற்கு இன்னும் எழுவாய் கிடைத்தபாடில்லை!

நடந்தது இது. 2015 செப்டம்பரில் மூணாற்றில், கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. நாட்கூலி 232 ரூபாய். போனஸ் 20 சதவீதம் வேண்டும், கூலி 500 ரூபாய் வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அவர்களை அழைத்து வந்த சங்கம் எது? எதுவுமில்லை! தலைமுறை தலைமுறையாகச் சந்தா வாங்கிய சங்கத் தலைவர்களைப் பார்த்து, கூடை சுமப்பவர் யார், பணப்பை சுமப்பவர் யார் என்று கேட்டார்கள். ஆண் தலைவர்களை அண்டவிடாமல் விரட்டினார்கள். ஒன்பது நாள் போராடி, செப்டம்பர் 13ஆம் நாள் போனசும் கருணைத் தொகையுமாக 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கூலிக் கோரிக்கை முழுதும் நிறைவேறவில்லை; அது வேறு கதை. பெம்பிளை ஒருமை என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார்கள். பெண்களின் ஒற்றுமை என்பது பொருள்.

இரண்டாண்டு கழியவில்லை. 2017 ஏப்ரலில் அந்த மலைப்பகுதியில் ஆக்கிரமிப்பு அகற்றும் பணி நடந்தது. பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நின்ற பெரிய சிலுவை ஒன்றை அதிகாரிகள் அகற்ற, அரசியல்வாதிகளுக்குச் சினம் மூண்டது. அப்போது கேரள மின்துறை அமைச்சராக இருந்தவர் எம்.எம். மணி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உடும்பஞ்சோலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். நம் ஜீப்புகள் ஏறிச் சேரும் தோட்டங்கள் பலவும் அந்தத் தொகுதிக்குள்ளேதான் இருக்கின்றன. ஏப்ரல் 22ஆம் நாள் இருபதேக்கர் என்னும் ஊரில் அவர் பேசினார். அதிகாரிகளையும் செய்தியாளர்களையும் சாடிக்கொண்டே வந்தவர், பெம்பிளை ஒருமைப் போராட்டத்தின்போது பக்கத்துக் காட்டில் குடியும் மற்றவையும் நடந்தன என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தை வீசினார்.

இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். குடி நடந்தது. எழுவாய் எது என்று கேட்டால் மாணவன் “குடி” என்பான். அவனுக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் குடித்தவர் யார்? “மற்றவை” என்றால் எவை? வாக்கியம் சொல்லாது. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. கேட்கிறவர் மனத்தில் அந்த இடத்தை நிரப்ப ஓர் உருவம் ஆயத்தமாக நிற்கிறது: இரவில் வீட்டுக்கு வெளியே, கணவனின் அனுமதியின்றி, சாலையில் அமர்ந்த பெண். “பாடம் படித்தாய்” என்றால் “நீ” என்பது தோன்றாமலே தோன்றுகிறதே, அதைத் தோன்றா எழுவாய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பள்ளி இலக்கணம் ஒப்பாவிட்டாலும் அமைச்சரின் வாக்கியத்தை அந்தக் கணக்கில்தான் சேர்ப்போம். பேசுகிறவர் இடத்தைக் காலியாக விடுகிறார். கூட்டம் அதை நிரப்புகிறது. பிறகு கேட்டால், “நான் யார் பெயரையும் சொல்லவில்லையே!”

அதையேதான் சொன்னார்கள். எந்தப் பெண்ணையும் குறிப்பிடவில்லை, ஊடகங்கள் திரித்துவிட்டன என்றார் அமைச்சர், வருத்தமும் தெரிவித்தார். முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் ஒரு படி மேலே சென்று, அது இடுக்கியின் நாட்டுப்புறப் பேச்சு வழக்கு என்று வாதாடினார்.

இந்த வாதத்தைத்தான் நம்மால் செரிக்க முடியவில்லை. மலைப்பேச்சு கரடுமுரடானது, உண்மை. மேட்டில் ஏறுகிறவன் மூச்சை மிச்சப்படுத்திப் பேசுவான். “போங்க” என்பது “போ” ஆகிவிடும். வையும்போது வாய்நிறைய வைவான். நம் வகுப்பறையிலேயே இருபக்கத்துப் பேச்சையும் கேட்கிறோம். ஆனால் வைவதும் பழி தூற்றுவதும் ஒன்றா? ஏலக்காட்டில் வாழும் எந்த முதியவளைக் கேட்டாலும் வேறுபாட்டைச் சொல்லுவாள். வசவு முகத்துக்கு நேரே வருவது; திருப்பி வையலாம். பழி முதுகுக்குப் பின்னால் போவது. அதற்கு யாரிடம் விடை சொல்வது? அமைச்சரின் குற்றத்தை ஒரு மாவட்டத்து மக்களின் நாவின்மேல் ஏற்றிவிட்டார் முதலமைச்சர். பெண்களைப் பழித்தது ஒருமுறை. மலையைப் பழித்தது மறுமுறை.

அப்போது நாம் மேல்நிலைப் பள்ளி மாணவர். அடுத்த வீட்டு அம்மாள் முப்பதாண்டுகளாக மலைக்குப் போகிறவர். தேயிலைத் தோட்டத்தில் அல்ல, ஏலத்தோட்டத்தில். அவர் போராட்டத்துக்குப் போனவரும் அல்லர். தொலைக்காட்சியில் செய்தி ஓடியபோது, கங்காணிகள் பேசாத பேச்சா என்று நாம் ஆறுதலாகச் சொல்ல, அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: “கங்காணி சொன்னா காட்டோட போயிரும் தம்பி. மந்திரி சொன்னா எங்க வீட்டு ஆம்பளையும் கேப்பான்ல?”

கல்லூரியில் நாம் படித்த எந்த நூலும் அதிகாரத்திலிருப்போர் பேச்சின் எடையை இவ்வளவு துல்லியமாக நிறுத்துக் காட்டவில்லை. அமைச்சர் வாய் தவறிச் சொன்ன சொல், லயத்து வீட்டில் ஒரு கணவனின் வாயில் சான்றாகிறது. அடுத்த போராட்டத்துக்குப் புறப்படும் மகளைத் தகப்பன் வாசலில் மறிக்கிறான். ஆராய்ந்து பேசினாரா, ஆராயாமல் பேசினாரா என்பது பேசியவரின் மனச்சான்றைப் பற்றிய கேள்வி. மறிக்கப்பட்ட மகளுக்கு அதனால் ஆவதென்ன?

மூணாற்றுப் பெண்கள் மீண்டும் சாலையில் அமர்ந்தார்கள், கோமதி முன்னிற்க. எங்கோ இருந்துகொண்டு செய்தியாளர் வழியே சொன்ன வருத்தத்தை அவர்கள் ஏற்கவில்லை. இங்கே வா, எங்கள் முன்னால் காலில் விழுந்து மன்னிப்புக் கேள் என்றார்கள். காலில் விழுவது நமக்கு உவப்பானதன்று. மானமுள்ள மனிதன் எவன் காலிலும் விழலாகாது, எவனையும் விழச் சொல்லவும் ஆகாது. ஆனால் “இங்கே வா” என்ற பாதி இருக்கிறதே, அது அறிவார்ந்த கோரிக்கை. பழி எந்த மண்ணில் விழுந்ததோ அந்த மண்ணில் எடுக்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். வர முடியாத இடமா அது? 2015இல் வி.எஸ். அச்சுதானந்தன் 91 வயதில் மூணாற்றுக்கு வந்து அந்தப் பெண்களோடு உட்கார்ந்தார். மற்றத் தலைவர்களை விரட்டியவர்கள் அவரை மட்டும் உட்கார விட்டார்கள். அவரும் அதே கட்சிதான்!

கட்சி வாளாவிருந்தது என்று சொல்வது பொய்யாகும். மாநிலக் குழு மணியை வெளிப்படையாகக் கண்டித்தது. அமைச்சர் பதவி மட்டும் அசையவில்லை. அவருக்கு இது முதல்முறையும் அன்று. 2012இல் தொடுபுழா அருகே, அரசியல் எதிரிகள் பட்டியலிடப்பட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று கொல்லப்பட்டதாகப் பேசி, மாவட்டச் செயலாளர் பதவியை இழந்து, சிறையும் சென்றவர். (அந்தப் பேச்சை ஒட்டி எழுந்த கொலை வழக்கிலிருந்து உயர்நீதிமன்றம் 2022இல் அவரை விடுவித்தது, அதையும் சொல்லிவிடுவதே நேர்மை.)

2022 ஜூலையில் நடந்தது இன்னும் சுவையானது. கணவர் டி.பி. சந்திரசேகரனைக் கொலைக்குப் பறிகொடுத்த கே.கே. ரமா சட்டமன்றத்தில் அரசைக் குறை கூறிப் பேசினார். அவர் விதவையானது அவர் விதி, நாங்கள் பொறுப்பல்ல என்றார் மணி. அந்தக் கொலையில் 2014இல் தண்டிக்கப்பட்டவர்களில் மணியின் கட்சியைச் சேர்ந்த உள்ளூர்த் தலைவர்களும் இருந்தனர். வெட்டியவர்களுக்குப் பெயரும் ஊரும் உண்டு. வழக்கு எண்ணும் உண்டு. ஆனால் வாக்கியத்தில் விதி வந்து எழுவாயாக உட்கார்ந்துகொண்டது! பேரவைத் தலைவர் அந்தப் பேச்சு முற்போக்குக் கருத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். பொதுவுடைமையாளனான நான் விதி என்ற சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது என்று மணி திரும்பப் பெற்றுக்கொண்டார். பகுத்தறிவாளர் மகிழலாம், ஒரு மூடநம்பிக்கைச் சொல் அவைக்குறிப்பில் தோற்றது! ஆனால் அந்த அம்மையார் கேட்டது விதியைப் பற்றிய தத்துவ விளக்கமா?

மூணாற்றுப் பேச்சு நீதிமன்றத்துக்கும் போயிற்று. அமைச்சர்களுக்கு நடத்தை நெறி வகுப்பது அறத்தின் எல்லைக்குள் வரும் செய்தி, நம் வேலையன்று என்று 2017இல் கேரள உயர்நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. உச்சநீதிமன்றத்தில் இதனோடு இன்னொரு வழக்கும் சேர்ந்தது. 2016இல் உத்தரப் பிரதேசத்தின் புலந்தசகரில் தாயும் மகளும் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதை அரசியல் சூழ்ச்சி என்று பேசி, பின்னர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்ட அமைச்சர் ஆசம் கானின் வழக்கு அது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்து 2023 ஜனவரி 3ஆம் நாள் தீர்ப்புரைத்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு நாச்சுடு குறித்து வள்ளுவரை அழைக்கிறது. ஆனால் அமைச்சர் பேச்சை அரசின் பேச்சாகக் கொள்ள முடியாது, வெறும் பேச்சு மட்டும் வழக்குக்குரிய தீங்காகாது, அதன் விளைவாக அதிகாரிகள் ஒன்றைச் செய்தோ செய்யாமல் விட்டோ குடிமகனுக்குக் கேடு நேர்ந்தால்தான் வழக்கு என்கிறது. நீதிபதி நாகரத்னா மாறுபட்டார்: இழிவுப் பேச்சு அரசின் கருத்தையும் தாங்கி வருமானால் அரசே பொறுப்பு, கட்சிகள் தத்தம் ஆட்களுக்கு நெறி வகுக்க வேண்டும் என்றார்.

பெரும்பான்மைத் தீர்ப்பின்மேல் நமக்குக் கோபமில்லை. பேச்சைத் தண்டிக்கும் புதிய கோலை அரசின் கையில் கொடுத்தால் அது முதலில் யார் முதுகில் விழும் என்பதைப் பகுத்தறிவு மேடைகளில் நிற்பவர்கள் நன்கறிவார்கள். அமைச்சர் தப்பினார் என்பதற்காகத் தோட்டத் தொழிலாளி மாட்டிக்கொள்ளும் சட்டத்தை நாம் கேட்கமாட்டோம். ஆகவே பொறுப்பு கட்சிகளிடமும், கீழே உட்கார்ந்து கேட்கிறவர்களிடமும் வந்து நிற்கிறது.

அப்படியானால் மலைக்கு அப்பால் மட்டும் விரலை நீட்டலாமா? நம் வீட்டுக் கொல்லைக்கு வருவோம். 2022 செப்டம்பரில், கட்டணமில்லாப் பேருந்தில் போகும் பெண்களைப் பார்த்து “ஓசி” என்றார் அமைச்சர் பொன்முடி. ஜீப்புக்கு வந்து சேரும் எத்தனையோ பெண்கள் அந்த நகரப் பேருந்தில்தான் வருகிறார்கள். உரிமை என்று கொடுத்ததை ஒரே சொல்லில் பிச்சையாக்கிவிட்டார். தம்மவர் பேச்சால் தூக்கம் கெடுகிறது என்று கட்சித் தலைவரே அடுத்த மாதம் பொதுக்குழுவில் நொந்துகொண்டார். 2025 ஏப்ரலில் அதே பொன்முடி, பகுத்தறிவு பேசும் மேடையிலேயே, சைவ வைணவக் குறிகளை விலைமாதர் கதையோடு இணைத்து நகையாடினார். கட்சிப் பதவி உடனே பறிபோனது. மாத இறுதிக்குள் அமைச்சர் பதவியும் போயிற்று.

பதவி போனது சரி. தோழர்களே, அந்த அரங்கில் சிரித்தவர்களை எந்தக் கட்சி நீக்கும்? சமயத்தைச் சாட நமக்கு ஏராளமான காரணங்கள் உண்டு. ஒரு பெண்ணின் உடலை ஏணியாக வைத்து ஏறித்தான் சாட வேண்டும் என்ற வறுமை நமக்கு எப்போது வந்தது? இருபதேக்கரில் அமைச்சர் விட்டுவைத்த காலியிடம் இதுதான். அந்த அரங்கில் அதை நிரப்பியவர்கள் நம்மவர்கள்.

சென்ற கோடை விடுமுறையில் அடுத்த வீட்டு அம்மாளுக்கு உச்சநீதிமன்றத் தீர்ப்பை எளிய தமிழில் எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வள்ளுவர் பெயர் வந்த இடத்தில் தலையசைத்தார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப அந்த ஆளு மூணாத்துக்கு வந்தாராப்பா?”

வரவில்லை என்றோம். சரி என்று எழுந்தார். விடிந்தால் ஜீப், தூக்குச்சட்டியைக் கழுவி வைக்க வேண்டியிருந்தது.